காலை நேரத்தில் வந்து பாருங்கள்

எங்கள் ஏரிக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் புகாரை ஆய்வு செய்தீர்களாம், துர்நாற்றம் ஏதும் இல்லையாம், புகார் முடித்து வைக்கப்பட்டதாம். நன்றி. ஆனால் ஆய்வுக்கு உங்கள் ஊழியர் வந்தது மாலை ஐந்து மணிக்கு. எங்கள் வீடு கிழக்குக் கரையில் இருக்கிறது. அந்த நேரத்தில் சென்னையில் கடற்காற்று அடிக்கும், நாற்றத்தை அப்படியே மேற்குக் கரைக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். பாவம், அன்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் புகார் கொடுத்தால் காலையில் போய்ப் பார்ப்பீர்கள் போலிருக்கிறது.

விவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், வடிகால் நேராக ஏரியில் வந்து விழுகிறது. ஒரு பொட்டு மழை இல்லாத சித்திரையிலும் அதன் வாயில் கருப்பாகத் தண்ணீர் கொட்டியது. அது எந்த ஊரில் பெய்த மழை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டிருக்கலாம். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த இணைப்புகளைத் துண்டித்து, கழிவுநீர் ஏரிக்குள் வருவதை நிறுத்துங்கள்.

இதை எழுதும்போது ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. தெருவில் சத்தமே இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள், பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள், வேப்பமரம் மட்டும் பேயாட்டம் ஆடுகிறது. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. பணி ஓய்வில் வந்த பணத்தைப் போட்டு இந்த வீட்டை வாங்கியதே இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல், ஏரியைப் பார்த்த பால்கனி, அதில் ஒரு சாய்வு நாற்காலி. 'ஃபேனே வேண்டாம் சார்' என்று சொல்லித்தான் விற்றார்கள், அது பொய்யும் இல்லை.

இப்போது அத்தனை ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். இடுக்குகளில் பழைய துணியைத் திணித்திருக்கிறாள் என் மனைவி. வெளியே மரத்தைச் சாய்க்கிற காற்று, உள்ளே ஏசி. மின்கட்டணம் தனிக்கதை. துவைத்த துணியை மாடியில் காயப்போட்டால் எடுக்கும்போது சாக்கடை வாடை அடிக்கிறது, மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது. பூஜைக்கு மட்டுமே ஏற்றிய சாம்பிராணியை இப்போது காலை பத்து மணிக்கும் ஏற்றுகிறோம். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் வயதில் காற்றைக் கண்டு பயந்து கதவடைத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம். உங்களுக்கு நல்ல காற்றே அமையட்டும்.

நாற்றத்தோடு ஆகாயத்தாமரையும் வருகிறது. அம்மியே பறக்கும் காற்று, இது நகராதா? காலை மேற்குக்காற்றில் ஏரியிலுள்ளது முழுக்க எங்கள் கரையில் வந்து ஒதுங்குகிறது, மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழுந்ததும் மெல்லத் திரும்பிப் போகிறது. கழிவுநீரின் சத்தில் அது இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். அப்புறம் கொசு. மருந்து அடிக்கிறோமே என்பீர்கள். ஆகாயத்தாமரையை அண்டி வளரும் மான்சோனியா கொசுவின் புழு மூச்சு வாங்கத் தண்ணீருக்கு மேலே வருவதில்லை. வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். நீங்கள் மேலே ஊற்றும் எண்ணெய் அதை என்ன செய்யும்?

போன வருஷம் இயந்திரம் வந்து வாரியதை மறக்கவில்லை. வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் பாதி உள்ளே சரிந்தது, மீதி அழுகியது. சேற்றில் விழுந்த விதை பல வருஷம் உயிரோடு கிடக்குமாம். கழிவுநீரை நிறுத்தாமல் தழையை மட்டும் வாரினால் ஒப்பந்ததாரருக்கு வருஷா வருஷம் வேலை இருக்கும், அவ்வளவுதான்.

நடைபாதை போட்டீர்கள், வண்ண விளக்கு வைத்தீர்கள். ஏரியின் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க மேடையும் கட்டினீர்கள். படத்தில் நாற்றம் விழாது என்பது எவ்வளவு வசதி! 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்து, 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஊர் இது. அந்த இரண்டு வருஷமும் ஏரிகளைக் காப்போம் என்று பேசாத ஆள் கிடையாது. மழை ஒழுங்காகப் பெய்ததும் எல்லாருக்கும் மறந்துவிட்டது. நீர்நிலையில் கழிவைக் கலக்கக் கூடாது என்று 1974-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: முதலில் கழிவுநீர் இணைப்புகளைத் துண்டியுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இதைச் செய்தாக வேண்டும், மழை வந்துவிட்டால் எது மழைநீர், எது கழிவு என்று யாராலும் காட்ட முடியாது. அதன்பின் இயந்திரத்தை மேற்குக்காற்று அடிக்கும் ஒரு காலை வேளையில் கிழக்குக் கரைக்கு அனுப்புங்கள். காற்றே எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கும். வாரியதை அன்றைக்கே லாரியில் ஏற்றிவிடச் சொல்லுங்கள்.

முடித்து வைத்த புகாரையும் தயவுசெய்து மீண்டும் திறந்து, ஆய்வுக்கு வருகிறவரைக் காலை பத்து மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். பால்கனிக் கதவைத் திறந்து வைக்கிறேன். காபி தருவோம், அதை அங்கேயே உட்கார்ந்து குடிக்கட்டும்.

இப்படிக்கு,
கிழக்குக் கரைவாசி ஒருவன்