ரோம் கதைய பெரியவங்களுக்கும் எழுதுங்களேன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் கோலாலம்பூர்ல தங்கச்சி வீட்டுக்கு போனப்ப பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு புத்தகக் கடைக்குள்ள நுழைஞ்சு, ஜூலியஸ் சீசர் வாழ்க்கை வரலாறு தமிழ்ல இருக்கான்னு கேட்டேன். கடைத் தம்பி ரொம்ப நேரம் தேடி ஒண்ணு எடுத்துட்டு வந்தார், 64 பக்கம், அட்டையில சிவப்பு துணி போர்த்துன சீசர் படம். ஸ்கூல்ல பரிசு கொடுக்க வாங்கிட்டு போவாங்கக்கான்னார். பெரியவங்க படிக்கிற மாதிரி இல்லையாப்பான்னு கேட்டா, சோழர் நாவல் நிறைய இருக்கு, அத தரவான்னு கேக்கறார். அந்த தம்பி மேல தப்பே இல்ல, இருந்தாத்தானே தருவார்.

அதையே வாங்கி, பட்டர்வொர்த் திரும்புற ரயில்லயே படிச்சு முடிச்சுட்டேன். கடல் கொள்ளைக்காரங்க சீசர புடிச்சு வெச்சு 20 தாலந்து வெள்ளிப் பணம் கேட்டதும், நான் அவ்வளவு சின்ன ஆளா, 50 கேளுங்கடான்னு அவர் சொன்னதும் நாலு பக்கத்துக்கு இருக்கு. ஆனா கௌல் நாட்டுப் (இப்ப பிரான்ஸ் இருக்கற பக்கம்) போருக்கு ஒரே ஒரு வரி, "வீரத்தோடு வென்றார்", அவ்வளவுதான். ஏறக்குறைய எட்டு வருஷம் நடந்த போருங்க அது! அதுல பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் பேர சிறை புடிச்சாங்கன்னு பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வெச்சிருக்கார், கணக்கு கூடக்குறைய இருக்கலாம், ஆனா அந்த ஊர் ஜனங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு அதுல தெரியுதில்ல. பிள்ளைங்க புத்தகத்துல அத விட்டுட்டாங்கன்னா புரிஞ்சுக்கலாம். அம்பது வயசு தாண்டுன எனக்கும் தமிழ்ல கிடைக்கறது அந்த ஒரு வரிதான்னா மனசு கேக்க மாட்டேங்குது.

சீசர கொன்ன கதையும் அப்படித்தான் இருக்கு, புரூட்டஸ் குத்தினான், நண்பனே துரோகம் செஞ்சான், முடிஞ்சது. கி.மு. 44 மார்ச் 15 அன்னிக்கு அவர் உடம்புல 23 குத்து விழுந்துச்சு, அதுல நெஞ்சுல விழுந்த ரெண்டாவது குத்து ஒண்ணுதான் உயிர எடுத்ததுன்னு உடம்ப பாத்த வைத்தியர் சொன்னதா பழைய ரோமானிய எழுத்தாளர் சுவட்டோனியஸ் எழுதறார். அப்போ மத்த 22 குத்தும் என்ன? குத்துனவங்க வீட்டுக்கு போய் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருப்பாங்க, ராத்திரி தூக்கம் வந்திருக்குமா, அத யோசிக்கறதுக்குத்தான் நாவல் வேணும்னு கேக்கறேன்.

இங்கிலீஷ்ல இதெல்லாம் அலமாரி அலமாரியா இருக்கு, எனக்குத் தெரியும், நானும் அகராதிய பக்கத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு மூணு படிச்சிருக்கேன். ஆனா பிரிட்டன்ல எழுதறவங்களுக்கு ரோம்னா சட்டம், சாலை, படை. நம்ம ஆளு எழுதினா வேற மாதிரி வரும், ஏன்னா நம்ம கண்ணுக்கு வேற ஆளுங்க தெரிவாங்க. எனக்கு தெரிஞ்சவர் டிரோ.

யார் இந்த டிரோன்னா, சீசர் காலத்து ரோம்ல பெரிய பேச்சாளரும் அரசியல்வாதியுமா இருந்த சிசரோவோட அடிமை. எஜமான் பேசப் பேச எழுதறதுக்கு தனியா சுருக்கெழுத்தே வெச்சிருந்தவர், கணக்கு, கடிதம், பிரசங்கம் எல்லாம் இவர் கையிலதான். கி.மு. 53ல விடுதலை கொடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு கிரீஸ் பக்கம் பயணம் போனப்ப டிரோவுக்கு உடம்பு முடியாம போச்சு, சிசரோ அவர பாத்ராஸ்ல விட்டுட்டு கெளம்ப வேண்டியதா போச்சு, ஆனா வழி நெடுக கடிதம் எழுதிக்கிட்டே போறார். உடம்புக்கு வேண்டிய எதுக்கும் செலவு பாக்காத, வைத்தியர் கேக்கறத கொடுக்க சொல்லி ஆளுக்கு எழுதியிருக்கேன்னு. எவ்வளவு பாசம்னு தோணும், ஆனா அதே மனுஷன்தான் இவர இத்தனை வருஷம் அடிமையா வெச்சிருந்தார்.

இத படிச்சப்ப எனக்கு தாத்தா ஞாபகம் வந்துருச்சு. சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்துல கிராணியா, அதான் கணக்கு எழுதற குமாஸ்தாவா இருந்தவர். காலையில இருட்டோட ஆளுங்க வரிசையா கூடற பெரட்டுக்கு போய் நின்னு செக்ரோல்ல (வேலைக்கு வந்தவங்க பதிவேடு) பேர் குறிப்பார், பகல்ல தொரைக்கு கடிதம் எழுதுவார், சாயந்திரம் லயத்துல (தோட்டத்து ஆளுங்க வரிசை வீடு) இருக்கறவங்க ஊருக்கு போடற கடிதத்தையும் அவர்தான் எழுதுவார். தொரை நல்லவர்னு கடைசி வரைக்கும் சொன்னார், ஆனா அந்த வீட்டு நாற்காலியில ஒரு நாள் கூட உக்காந்தது இல்லையாம். தாத்தா அடிமை இல்ல, நான் ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா எஜமானோட ரகசியம் பூரா தெரிஞ்சும் நின்னுக்கிட்டே எழுதற ஒரு ஆளோட மனசு எப்படி இருக்கும்னு தோட்டத்துல பொறந்து வளர்ந்த நம்ம எழுத்தாளருங்களுக்கு சொல்லிக் கொடுக்கவா வேணும்?

இன்னொண்ணு, ரோம் நமக்கு அந்நியமும் இல்ல. யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பும்னு அகநானூறு சேரநாட்டு முசிறித் துறைமுகத்தப் பத்தி பாடுது. அதே முசிறி சரக்குக்கு கடன் ஒப்பந்தம் எழுதுன பாப்பிரஸ் தாள் ஒண்ணு வியன்னாவுல இருக்கு, பின்பக்கத்துல கப்பல் பேர் ஹெர்மபோலோன்னும், அதுல வந்த தந்தம், வாசனைச் சரக்கு கணக்கும் எழுதியிருக்கு. எகிப்துல பெரனிக்கே துறைமுகத்துல கோயில் பக்கம் ஒரு இந்தியப் பானைக்குள்ள 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைச்சுது. அதே எகிப்துல குசைர் அல் கதீம் துறைமுகத்துல கிடைச்ச பானை ஓட்டுல பழைய தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில கண்ணன், சாத்தன்னு பேர். யாரு இந்த கண்ணன்? வியாபாரியா, கப்பல்ல வேலை பாத்தவரா, கரையில எத்தனை மாசம் காத்துக்கிட்டு ஊர நெனச்சிருப்பார், வீட்டுல யாராவது அவர தேடியிருப்பாங்களா? நம்ம முன்னோரும் கப்பலேறி பினாங்குக்கு வந்து இறங்குனவங்கதானே, இந்தக் கதைய நம்மள விட நல்லா யாரால எழுத முடியும்னு கேக்கறேன்.

எழுதறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், அடிமைய அடிமைன்னே எழுதுங்க. நான் வாங்குன புத்தகத்துல "வேலையாட்கள்"னு போட்டிருக்கு. ஸ்பார்ட்டகஸ் தலைமையில அடிமைங்க செஞ்ச கலகம் அடங்குனப்புறம் கி.மு. 71ல கப்புவாவுல இருந்து ரோம் வரைக்கும் ரோட்டோரமா 6,000 பேர சிலுவையில அறைஞ்சாங்க, வேலையாட்கள யாரும் அப்படி செய்யறதில்ல.

ஐயா, உங்க ஞாயிறு பதிப்புல ஒரு தொடர்கதைக்கு இடம் கொடுங்க. ஒரு காலத்துல ஞாயித்துக்கிழமை பேப்பர்னா எங்க லயத்துல தொடர்கதைக்குத்தான் அடிச்சுக்குவோம். ரோம் தெரிஞ்ச ஒருத்தரும் கதை சொல்லத் தெரிஞ்ச ஒருத்தரும் சேர்ந்து எழுதினாலும் சரி, வாரம் ஒரு பக்கம் போதும்.

எங்கம்மாவுக்கு 81 வயசு, பூதக்கண்ணாடி வெச்சுத்தான் உங்க பேப்பர் படிக்கறாங்க. போன வாரம் அவங்ககிட்ட டிரோ கதைய சொன்னேன். கி.மு. 43ல சிசரோவ கொன்னு தலையையும் கையையும் வெட்டி, அவர் பிரசங்கம் பண்ண அதே மேடையில மாட்டுனாங்கன்னு சொல்லி நிறுத்திட்டு சோறு போட எந்திரிச்சேன். அம்மா கைய புடிச்சு உக்கார வெச்சுட்டு, "அத விடு, அந்த கிராணிக்கு என்னாச்சு?"ன்னு கேட்டாங்க. அவர் எஜமானோட எழுத்தெல்லாம் காப்பாத்தி வெச்சார், நூறு வயசு வரைக்கும் இருந்தார்னு பிற்காலத்து கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் குறிச்சு வெச்சிருக்கார்னு சொன்னேன். எனக்கு தெரிஞ்சது அவ்வளவுதான், அம்மா மீதிக் கதைய கேட்டுக்கிட்டே இருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு