வெண்தலைக் கழுகுக் கூடு கண்காணிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, காலையில் குளிரில் நின்று குறிப்பெடுத்த தன்னார்வலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சியில் நம் சங்கத்தின் பறவை நோக்கும் பிரிவு இவ்வாண்டும் ஒரே ஒரு கூட்டைத்தான் கண்காணித்தது. ஏரிக்கரையோரச் சைக்கமோர் மரம், ஒரே இணை. மரம் நிற்கும் இடம் இவ்வறிக்கையில் இல்லை. சங்கத்தின் வேறு எந்த வெளியீட்டிலும் இருக்காது. இடம் தெரிந்துவிட்டால் கேமராவோடு வருபவர்களைத் தடுக்க நம்மால் முடியாது. நிலத்தின் உரிமையாளர் கொடுத்த அனுமதியும் அந்த நிபந்தனையின் பேரில்தான்.

புதிய உறுப்பினர்களுக்கு ஒரு சொல். வெண்தலைக் கழுகை (ஆங்கிலத்தில் Bald Eagle) "வழுக்கைக் கழுகு" என்று எழுத வேண்டாம். தலை முழுக்க இறகு உண்டு, வெள்ளை இறகு. அந்த வெள்ளைத் தலை வர 4 முதல் 5 வயதாகும். அதுவரை உடல் முழுதும் பழுப்பாக, வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். நம் ஊர்க் கடற்கரைகளில் காணும் வெண்வயிற்றுக் கடற்கழுகு இதற்கு நெருங்கிய உறவுதான்.

இந்த மாநிலத்தில் ஒரு கூடு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1970களில் நியூ ஜெர்சி முழுவதற்கும் மிஞ்சியது ஒரே ஒரு கூடு. டிடிடி பூச்சிக்கொல்லி மருந்து மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1972இல் டிடிடி தடை செய்யப்பட்டது. ஆனால் தடை வந்ததும் பறவையின் உடம்பிலிருந்து நஞ்சு போய்விடவில்லை. 1982 முதல் அந்தக் கூட்டின் முட்டைகளை எடுத்து, பொரிப்பகத்தில் பொரிக்கவைத்து, குஞ்சை மீண்டும் கூட்டிலேயே விட்டார்கள். கனடாவிலிருந்து 60 இளங்கழுகுகளைக் கொண்டுவந்து இங்கே வளர்த்துப் பறக்கவிட்டார்கள். இன்று மாநிலத்தில் 200க்கும் மேற்பட்ட கூடுகள். 2025 ஜனவரியில் மாநிலத்தின் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து இந்தக் கழுகு நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து நீங்கினாலும் 1940ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கழுகுப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே நிற்கிறது. உதிர்ந்த ஓர் இறகை எடுத்து வீட்டில் வைப்பதுகூடக் குற்றம். பிள்ளைகளோடு வருபவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பருவத்தின் போக்கு

டிசம்பரில் இணை பழைய கூட்டுக்கே குச்சி சுமக்கத் தொடங்கியது. ஜனவரி முழுதும் விளிம்பில் குச்சி, நடுவில் காய்ந்த புல். கூட்டில் பறவை உட்கார்ந்திருந்தாலே அடை என்று எழுதிவிடக் கூடாது. முட்டையிடுமுன்பும் பெண் கழுகு குழியில் உட்கார்ந்து புல்லை நெஞ்சால் அழுத்தி வட்டமாக்கும். ஐந்து, பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்து போய்விடும். அடை என்று எழுத நாம் கேட்பது ஆள்மாற்றம். வெளியிலிருந்து வரும் பறவை நகங்களை உள்ளே மடக்கி, முஷ்டிபோல் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து வரும். இருந்த பறவை எழும். வந்தது பக்கவாட்டில் ஆடி ஆடி அமரும். பிறகு வெள்ளைத் தலை மட்டும்தான் விளிம்புக்கு மேல் தெரியும். நகத்தை மடக்குவது முட்டையைக் குத்திவிடாமல் இருக்க. இதைக் கண்ணால் பார்த்தால் முட்டை இருக்கிறது என்று துணிந்து எழுதலாம்.

பிப்ரவரி 2ஆம் சனிக்கிழமை கூடு காலி, இரண்டும் கிளையில் இருந்தன. 3ஆம் சனிக்கிழமை ஆள்மாற்றம் பதிவானது. ஆகவே முதல் முட்டை அந்த ஒரு வாரத்துக்குள் வந்தது. அடைக்காலம் ஏறத்தாழ 35 நாள். அப்படியானால் பொரிப்பு மார்ச் 3ஆம், 4ஆம் சனிக்கிழமைகளுக்கு இடையில்தான் இருக்க முடியும்.

ஆனால் நம் கண்காணிப்புத் தாளில் மார்ச் 2ஆம் சனிக்கிழமையே "குஞ்சு பொரிந்தது" என்று இருந்தது. இந்தப் பிழையை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று ஆண் கழுகு கூட்டுக்கு மீன் கொண்டுவந்தது. குஞ்சுக்குத்தான் என்று எழுதப்பட்டது. அடையில் இருக்கும் துணைக்கும் மீன் வரும். மீன் வந்ததை மட்டும் வைத்துப் பொரிப்பைச் சொல்லவே கூடாது. பார்க்க வேண்டியது ஊட்டும் அசைவு: மீனைக் காலால் மிதித்து, மிகச் சிறு துண்டாகக் கிழித்து, தலையைச் சாய்த்து, அலகைக் குழிக்குள் மெல்ல இறக்கி, அங்கேயே ஓரிரு நொடி நிறுத்தும். தானே தின்னும் கழுகு இப்படி நிதானிக்காது. கூடவே, அமர்ந்திருக்கும் உயரம் சற்றுக் கூடும், இறக்கை உடம்பை ஒட்டாமல் கூடாரம்போல் விலகி நிற்கும், அடிக்கடி கீழே குனிந்து பார்க்கும். மார்ச் 4ஆம் சனிக்கிழமை இவை எல்லாமே பதிவாயின.

ஓரிரு வாரப் பிழையால் என்ன கெடும் என்று கேட்கலாம். காலில் வளையம் இடும் நாளை மாநில உயிரியலாளர்கள் பொரித்த நாளிலிருந்தே கணக்கிடுகிறார்கள். குஞ்சுக்கு 5 முதல் 8 வாரத்துக்குள் இட வேண்டும். அதற்கு முன் கால் முழுதாகப் பருக்காது, வளையம் நழுவும். அதைத் தாண்டினால் மரமேறுபவரைக் கண்டு குஞ்சு மிரண்டு பறக்கத் தெரியாமல் குதித்துவிடும். நம் மரத்தின் உச்சிக்கொம்பு பட்டுப்போனதால் இவ்வாண்டு யாரும் ஏறவில்லை, வளையமும் இடப்படவில்லை. அதனால் நம் பிழை யாரையும் பாதிக்கவில்லை. இன்னொரு கூட்டில் பாதித்திருக்கும்.

குஞ்சுகளின் தலை விளிம்புக்கு மேல் தெரிய இரண்டு, மூன்று வாரமாகும். ஏப்ரலில் இரண்டு தலைகள் தெரிந்தன. முதலில் இருக்கும் வெளிர் சாம்பல் தூவி அப்போது கருஞ்சாம்பல் கம்பளித் தூவியாக மாறியிருந்தது. அந்த நிறத்தைப் பார்த்து வயதைப் பின்னோக்கி எண்ணிப் பொரித்த வாரத்தை உறுதி செய்தோம். முட்டைகள் இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் இடப்படுவதால் மூத்தது பெரிதாகவும் இளையது சிறிதாகவும் இருந்தது. ஏப்ரல் இறுதியில் ஒரு தலைதான். இளையது எப்படிப் போயிற்று என்பதை யாரும் பார்க்கவில்லை. மூத்தது கொத்தியிருக்கலாம், இரண்டு நாள் மழையில் நனைந்திருக்கலாம், கொம்பன் ஆந்தை எடுத்திருக்கலாம். தாளில் "ஒரு குஞ்சு காணவில்லை, காரணம் பதிவில்லை" என்றே இருக்கிறது. அதுதான் சரியான பதிவு.

மூத்தது மே இறுதியில் கூட்டை விட்டுக் கிளையில் தாவித் திரிந்தது. ஜூன் நடுவில் அடுத்த மரத்தில் இருந்தது. பறந்த பிறகும் பல வாரம் பெற்றோரிடம்தான் இரை வாங்கும். ஆகவே ஜூலை வரை நம் தூரக் கட்டுப்பாடு தளரவில்லை.

தூரமும் கருவியும்

நாம் வைத்திருக்கும் எல்லை 1,000 அடி. தேசிய வழிகாட்டுதல் நடந்து செல்பவர்களுக்கு 330 அடி என்றே சொல்கிறது. நாம் கூட்டமாக, வாரந்தோறும், ஒரே இடத்தில் நிற்கிறோம். அதனால் இன்னும் விலகி நிற்பதே முறை. கழுகு தலையைத் தூக்கி நம்மையே பார்த்தாலோ, எழுந்து நின்றாலோ, கத்தினாலோ, தூரம் போதவில்லை என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். பிப்ரவரிக் குளிரில் அடை விட்டு எழும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை ஆறுகிறது. காக்கைக்கும் வழி திறக்கிறது.

அந்தத் தூரத்தில் 8 மடங்கு பைனாகுலரில் ஆள்மாற்றம் தெரியும், ஊட்டுவது தெரியாது. 20–60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி) வேண்டும். 60க்குத் திருகினால் நன்றாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். மே மாதம் காலை 9 மணிக்கு மேல் தரையின் சூடு காட்சியைக் கலக்கும். அப்போது 30இல் வைத்தால்தான் உருவம் நிற்கும். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றில் ஆடும். பையை அதன் கீழ்க் கொக்கியில் தொங்கவிடுங்கள். காருக்குள்ளிருந்து பார்ப்பவர்கள் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவைத்து, உள்ளே வெளியே வெப்பம் ஒன்றாகும்வரை காத்திருக்க வேண்டும். ஹீட்டர் சூடு சன்னல் வழியே வெளியேறும்போது எந்த ஸ்கோப்பும் தெளிவாகக் காட்டாது.

மார்ச் இறுதியில் வெளியாள் ஒருவர் டிரோன் பறக்கவிட்டதில் தாய் கழுகு கூட்டை விட்டு எழுந்தது. பணியில் இருந்த இரு தன்னார்வலர்களும் நேரத்தைக் குறித்து, மாநில வனவிலங்குத் துறைக்கு அன்றே தெரிவித்தார்கள். அவர்கள் செய்தது மிகச் சரி. வாக்குவாதம் செய்யாமல், படத்தோடும் நேரத்தோடும் தெரிவிப்பதுதான் நம் வேலை.

கூட்டுக்கு வெளியே

இந்தக் குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சலால் மாநிலத்தில் பனிவாத்துகள் ஏராளமாக இறந்தன. இறந்த வாத்தைத் தின்னும் கழுகுக்கும் அது தொற்றும். ஏரிக்கரையில் கிடந்தவற்றைத் தொடாமல் தகவல் மட்டும் கொடுத்தோம். இன்னொரு நஞ்சு ஈயம். மான் வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் குடலில் ஈயக்குண்டின் துகள்கள் இருக்கும்; கழுகு அதை உண்டால் இறக்கை தொங்கும், நிற்க முடியாது, எச்சம் பச்சையாகும். செம்புக் குண்டுக்கு மாறச் சொல்லி வேட்டைக்காரர்களிடம் நம் உறுப்பினர்கள் பேசியது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. அவர்களில் பலர் பொறுமையாகக் கேட்டார்கள்.

மீன்பிடி கரையில் அறுந்த நைலான் நரம்புகளைச் சேகரிக்க பிவிசி குழாய்ப் பெட்டிகள் வைத்தோம். வாய் கீழ்நோக்கி வளைந்த முழங்கை இணைப்பு கட்டாயம். இல்லையேல் மழை நிரம்பும், குருவி உள்ளே இறங்கிச் சிக்கும். கீழ் மூடியை ஒட்டாமல் திருகு மூடியாக வைத்தால்தான் காலி செய்யலாம். முதல் பெட்டியில் ஒட்டிவிட்டோம், அறுத்துத்தான் திறக்க நேர்ந்தது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

அவையின் ஒப்புதலுக்கு

கண்காணிப்புத் தாளில் "பார்த்தது", "ஊகித்தது" என இரு கட்டங்கள் இனித் தனித்தனியாக இருக்க வேண்டும். ஏரிக்கரைப் பாதையின் கடைசித் திருப்பம் மரத்திலிருந்து 1,000 அடிக்குள் வருகிறது. ஜனவரி முதல் ஜூலை வரை நம் உறுப்பினர் யாரும் அங்கே நிற்பதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியை டிசம்பர் பிறக்குமுன் எழுத்தில் புதுப்பிக்கவும் அவை எனக்கு அதிகாரம் தர வேண்டும். அடுத்த பருவத்துக்கான பயிற்சி டிசம்பர் முதல் ஞாயிறு. வருபவர்கள் சென்ற பருவத் தாள்களின் நகலைக் கொண்டுவரவும்.

செயலாளர்