விளையாட அனுப்பும் முன் ஒரு கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் தினம் ஒரு வீட்டுக்கு விளையாடப் போவார்கள். அனுப்பும் முன் அந்த வீட்டில் நாய் இருக்கிறதா, நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்கிறோம் இல்லையா? அப்படியே, "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்றும் தயவுசெய்து கேட்டுவிடுங்கள்.

கூச்சமாகத்தான் இருக்கும். போன வாரம் மகளின் தோழி வீட்டுக்குப் போன் செய்தபோது எனக்கும் வார்த்தை வரவில்லை. அந்த அம்மா கோபப்படவே இல்லை. "பெட்டகத்தில் இருக்கிறது, தோட்டா வேறு இடத்தில்" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டைப் பற்றியும் கேட்டார்.

நம் குழுவிலும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. மிச்சிகனில் 2024 பிப்ரவரி 13 முதல் சட்டமே இருக்கிறது: 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கக்கூடிய வீட்டில், கையில் இல்லாத துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டா நீக்கித் துப்பாக்கிக்கே பூட்டுப் போட்டு வைக்க வேண்டும். அலமாரி மேல்தட்டில் புடவைக்கு அடியில் வைப்பது பூட்டுவது ஆகாது. தீபாவளி முறுக்கை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் அதையும் கண்டுபிடிப்பார்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள். பெட்டகத்தின் எண் பிள்ளையின் பிறந்தநாளாக இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

அப்புறம், பல ஊர்களில் காவல் நிலையத்திலேயே கம்பிப் பூட்டு இலவசமாகத் தருகிறார்கள். துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துப் பூட்டினால் தோட்டா ஏற்ற முடியாது. நான் சனிக்கிழமை விசாரிக்கப் போகிறேன். வேண்டியவர்கள் தனியாகச் செய்தி அனுப்புங்கள், யாரிடமும் பெயர் சொல்ல மாட்டேன்.