நேபாளத்துப் பார்பாக் தீதிக்கும் ஊராருக்கும் நன்றி

அன்புள்ள தீதிக்கும் (எங்கள் மொழியில் அக்கா) அண்ணனுக்கும் பார்பாக் ஊராருக்கும்,

வணக்கம். எங்கள் தெருமுனை ஹோட்டலில் வேலை பார்க்கும் நேபாளத் தம்பிக்குத் தமிழ் நன்றாக வரும். இந்த மடலை வாசித்துக் காட்டினால், உங்கள் மொழியில் பேசிப் பதிவு செய்து அனுப்புவதாகச் சொன்னார். அதனால்தான் மனசில் இருப்பதையெல்லாம் தமிழிலேயே எழுதிவிட்டேன்.

2022 மே மாதம் முதுகுப்பையோடு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்புவதாகத்தான் இருந்தேன். வந்த அன்றே காய்ச்சல். அது தணிவதற்குள் 13-ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல். வாக்குப்பதிவு நாளில் நாடு முழுக்க வண்டி ஓடாது என்பது எனக்குத் தெரியாது. "ஜீப் கிடையாது, போய்ப் படு" என்று சொல்லி, ஐந்து நாள் வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். காய்ச்சல்காரனிடம் சோற்றுக்குக் காசு வாங்குவதா என்று அண்ணன் கோபப்பட்டதை என்னால் மறக்க முடியாது.

தேர்தலன்று சாயங்காலம் அடுப்படியில் நீங்கள் திண்டோ கிண்டிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் ஊர்க் கேழ்வரகுக் களியேதான்! கட்டைவிரல் நகத்தில் மை காயாமல் பளபளத்தது. ஒரே வாக்குச்சீட்டில் ஏழு ஓட்டு, ஒவ்வொன்றுக்கும் ஸ்வஸ்திக் முத்திரை என்று அகப்பையாலேயே காற்றில் குத்திக் காட்டினீர்கள். வார்டு உறுப்பினர் நாலு பேரில் இரண்டு பேர் பெண்கள், அதில் ஒருவர் தலித் பெண் என்பது சட்டம். "எங்கள் பக்கம் மனைவி ஜெயித்தால் நாற்காலியில் கணவர் உட்காருவதுண்டு, இங்கே எப்படி?" என்று கேட்டேன். "இங்கேயும் உண்டு. ஆனால் கையெழுத்துக்கு அவள்தானே வர வேண்டும். வர வர, பேசவும் பழகிவிட்டாள்" என்றீர்கள். உள்ளாட்சி பற்றி நான் படித்த எதையும்விட அந்தப் பதில் பெரிது.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தின் மையம் உங்கள் ஊர்தான். வீடு கட்ட அரசு தந்த மூன்று லட்சம் ரூபாய் தவணை தவணையாக வந்ததையும், மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கியதையும் அண்ணன் கணக்குப் போட்டுச் சொன்னார். கல்வீடு இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட். "பாதுகாப்புதான், ஆனால் குளிருகிறது" என்றார். அதே வருஷம் தெற்கே இந்திய எல்லையில் லாரிகள் நின்று, பெட்ரோலும் சிலிண்டரும் மாதக்கணக்கில் வராமல் போனதைப் பற்றி நானே கேட்டேன். இந்தியா மறுத்தாலும், அது இந்தியா செய்த வேலை என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். இந்தியன் ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி பருப்பும் ஊற்றினீர்கள். விருந்தாளி மனம் நோகுமே என்று மழுப்பியிருக்கலாம். நீங்கள் மழுப்பவில்லை. நான் முக்கியமாக நன்றி சொல்ல நினைத்தது அதற்குத்தான்.

மலேசியாவில் இருக்கும் உங்கள் மகன் அன்று ராத்திரி போனில் யார் முன்னிலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போட அவருக்கு வழியில்லை. ஊருக்குப் பணம் அனுப்புகிற பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றிச் சொல்ல ஓர் ஓட்டுகூட இல்லாதது எனக்கு இன்னமும் ஆறவில்லை. அவர் திரும்பி வந்துவிட்டாரா?

ஹோட்டல் தம்பி தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார். எங்கள் வீட்டில் அரைத்த கேழ்வரகு மாவு இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். கிண்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், தீதி.

அன்புடன்,
உங்கள் காய்ச்சல்காரத் தம்பி