எண்ணெய் கொட்டுவது கடலில், நஷ்டம் காட்பாடியிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தபோதும், காட்பாடியில் சில்லறை மீன் வியாபாரம் செய்யும் எனக்கு ஒரே அனுபவம்தான் வாய்த்தது. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் வந்த ஐஸ் பெட்டியைத் திறந்ததும், வாடிக்கையாக வாங்கும் அம்மா ஒருவர் சங்கராவின் செவுளைத் தூக்கி, நிறத்தைப் பார்க்காமல் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இந்த வாரம் கோழியே போதும்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். மீனில் எந்த வாடையும் இல்லை. ஆனால், அது நல்ல மீன் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

2023இல் தமிழக அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது; அருகிலுள்ள வார்டுகளின் குடும்பங்களுக்கும் உதவி தரப்பட்டது. முதல் அடி வாங்கியவர்கள் அவர்கள்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வி வேறு. கடலில் எண்ணெயை அகற்றும் பணியைக் கடலோரக் காவல் படை ஒருங்கிணைக்க வேண்டும் என்று தேசியத் திட்டமே இருக்கிறது. ஏலக்காரர், ஐஸ் வியாபாரி, கூடைக்காரம்மா, எங்களைப் போன்ற உள்ளூர்க் கடைக்காரர் ஆகியோரின் நஷ்டத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள யார் பொறுப்பு? ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். அடுத்த அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே ஜி.எஸ்.டி. ரசீது கேட்டார்கள். மீன் வியாபாரம் கையால் எழுதும் துண்டுச் சீட்டான சிட்டையில் நடக்கிறது என்பதை அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் அடுத்த நாள் சரக்கு வந்துவிட்டது.

கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது எங்கள் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில்தான். அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் அந்த நீதிமன்றமே மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்பதையும் வேலூர்க்காரர்கள் மறக்கவில்லை. காரணம், தீர்ப்பு வந்த பிறகு நஷ்டத்தைக் கணக்கெடுப்பது கிணறு வற்றிய பின் ஆழம் பார்ப்பது போலாகிவிடுகிறது.

எனவே, எண்ணெய் கசிந்த அன்றே மீன்வளத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை, வங்கிகள் ஆகியவை சேர்ந்து அமரும் ஓர் உதவி மையத்தைக் காசிமேட்டில் திறந்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் அதற்கொரு மேசை போட வேண்டும். மீன் பரிசோதனை முடிவைத் தினமும் ஏலத்துக்கு முன்பே அச்சிட்டுத் தர வேண்டும். கடன் தவணைக்கு அவகாசம் வேண்டும். கையால் எழுதிய சிட்டையையும் சான்றாக ஏற்க வேண்டும். 2023 டிசம்பர்ச் சிட்டைகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மீன் வியாபாரி ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.