செடியோடு ஒரு சீட்டும் கொடுங்கள்: நர்சரிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் சாலையோரமாக நர்சரி நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ரோஜாவோ மல்லியோ செம்பருத்தியோ வாங்குகிறவர்கள் கிளம்பும்போது "இதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "தினமும் தண்ணி ஊத்துங்க, ஒரு ஸ்பூன் டிஏபி போடுங்க, சூப்பரா வரும்." வீட்டுக்குப் போய்த் தொட்டி மாற்றிய கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகும், மொட்டு உதிரும், குச்சி மட்டும் நிற்கும். வாங்கியவர் "எனக்குக் கைராசி இல்லை" என்று நொந்துகொள்வார். கைராசிக்கு இதில் வேலையே இல்லை. அந்தப் பதிலில்தான் கோளாறு.

முதலில் டிஏபி என்ற அந்த ரசாயன உரம். பையைக் கிழித்துச் செடியை வெளியே எடுக்கும்போது நுனிவேர்களும் அவற்றில் இருக்கும் மெல்லிய தூவிகளும் அறுந்துபோகும். தண்ணீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். திரும்ப முளைத்து மண்ணைப் பிடிக்க இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். அதற்குள் ரசாயன உரத்தைப் போட்டால் தொட்டி மண்ணில் உப்பு ஏறி, வேரால் தண்ணீரை இழுக்க முடியாமல் இலை ஓரம் கருகும். 18 சதவீதம் தழைச்சத்தும் 46 சதவீதம் மணிச்சத்தும் உள்ள உரம் அது. வயலில் போட்டால் பரவ இடம் உண்டு, பத்து அங்குலத் தொட்டியில் எங்கே போகும்? கடலைப் புண்ணாக்கை அப்படியே பொடித்துத் தூவச் சொல்வதும் சரியல்ல. இயற்கை உரம்தான், ஆனால் தொட்டிக்குள்ளேயே நொதித்துச் சூடாகும். எறும்பும் பூஞ்சையும் தேடி வரும்.

மண் கலக்கும்போதே மண்புழு உரம் சேர்த்திருந்தால் முதல் மாதத்துக்கு அதுவே போதும். புதுத் தளிர் விட்டுக் கொஞ்சம் வளர ஆரம்பித்தால் வேர் பிடித்துவிட்டது என்று நம்பலாம். அப்புறம் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தைக் கொடுக்க நினைத்தால் லிட்டருக்கு ஒரு கிராம் போதும். இல்லையென்றால் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றலாம். பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி. எதைக் கொடுத்தாலும் மண் ஏற்கெனவே ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்றக் கூடாது.

அடுத்து அந்த "தினமும்". மாற்றி நட்ட செடி, மண் ஈரமாக இருக்கும்போதே மதியம் தலை தொங்கும். அறுந்த வேரால் இலை கேட்கும் அளவுக்குத் தண்ணீர் அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். பார்க்கிறவர் பதறி இன்னொரு சொம்பு ஊற்றுவார். மண்ணில் காற்று இருந்த இடத்தை எல்லாம் தண்ணீர் அடைத்துக்கொள்ள, வேர் மூச்சு முட்டி அழுகும், செடி இன்னும் தொங்கும், அவர் இன்னும் ஊற்றுவார். அந்தச் செடி கேட்பது நிழல். உங்கள் பச்சை வலைக்கு அடியில் வளர்ந்ததைக் கொண்டுபோய் மொட்டை மாடி வெயிலில் வைத்தால் எப்படித் தாங்கும்? ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்குப் பழக்கச் சொல்லுங்கள்.

நட்டவுடன் அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியேறும் வரை ஊற்ற வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. அதன்பின் விரலை விட்டுப் பார்த்து, மேலே ஓர் அங்குலம் காய்ந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர். தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த தொட்டி ஏமாற்றும்: மேலே வெளுத்து உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் சொட்டும். அதற்குத் தொட்டியைத் தூக்கிக் கனம் பார்ப்பதே நல்லது. கத்திரி வெயிலில் சின்னத் தொட்டிக்குக் காலை, மாலை இரண்டு வேளை கூடத் தேவைப்படலாம், ஐப்பசி மழையில் நாலு நாள் ஊற்றாமலே இருக்கலாம்.

ஆனால் உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருக்கிறது: அந்தப் பைக்குள் என்ன மண்? ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றிக் கெட்டியான மண் உருண்டை இருக்கிறது. அதை அப்படியே பொலபொலவென்ற நார்க்கழிவுக் கலவையில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு ஓடி அடியில் வழிந்துவிடும். தண்ணீர் வெளியே வந்துவிட்டதே என்று வீட்டுக்காரர் திருப்தியாக உள்ளே போவார், உருண்டையின் நடுவே வறண்டு கிடக்கும். நடுவதற்கு முன் அந்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை முக்கி, ஓரத்தை மட்டும் விரலால் தளர்த்தி, முதல் சில வாரம் தண்டுக்குப் பக்கத்தில் மெதுவாக ஊற்றினால் பிழைத்துவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். செடியோடு ஒரு சின்னச் சீட்டு கட்டிக் கொடுங்கள். பையில் இருப்பது என்ன மண், கடைசியாக எப்போது என்ன உரம் போட்டீர்கள், வெயிலில் இருந்ததா வலைக்கடியில் இருந்ததா, இவ்வளவு போதும். கூடவே நார்க்கழிவுக் கட்டி விற்றால், அது அலசியதா அலசாததா என்பதையும் சொல்லுங்கள். அலசாததில் இருக்கும் உப்பே இளவேருக்கு எமன்.

"செத்தால்தானே அடுத்தது வாங்குவாங்க" என்று உங்களில் சிலர் சிரிப்பது எனக்கும் தெரியும். இரண்டு ரோஜா செத்தவர் மூன்றாவதற்கு உங்களிடம் வருவதில்லை, பிளாஸ்டிக் பூவை வாங்கி ஜன்னலில் வைத்துவிடுகிறார். பூத்த செடிக்காரர்தான் பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு வருகிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்

பி.கு.: தொட்டியோடு அடித்தட்டு விற்கும்போது, அதில் தேங்கும் தண்ணீரை அன்றே கொட்டச் சொல்லுங்கள். வேருக்கும் நல்லது, டெங்கு கொசுவும் முட்டையிட்டுப் பெருகாது.