பென்சில்வேனியா கஞ்சா அட்டை: விசாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கஞ்சா 'லீகல்' ஆகிவிட்டது என்று நம்மவர்கள் பேசிக்கொள்வது பாதிதான் உண்மை. 2016-ல் வந்த சட்டம் மருத்துவத்துக்கு மட்டுமே வழிவிட்டது. மருத்துவக் கஞ்சா வாங்க மாநிலம் தரும் அட்டை இல்லாதவரிடம் 30 கிராமுக்குள் இருந்தாலும் மாநிலச் சட்டப்படி 30 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம்.

மாநில சுகாதாரத் துறையில் பெயரைப் பதிந்து, அங்கே பதிவுபெற்ற மருத்துவரிடம் சான்று வாங்கி, ஆண்டுக்கு 50 டாலர் கட்டினால் அட்டை வரும். புற்றுநோய், வலிப்பு, தீராத கடும் வலி, பதற்றக் கோளாறு எல்லாம் நோய்ப் பட்டியலில் உண்டு.

அட்டை வந்த பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். உலர்ந்த பூவை விற்பார்கள். அதை ஆவியாக்கி இழுக்கலாம், கொளுத்திப் புகைக்கக் கூடாது. வீட்டில் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது. கடையில் தந்த லேபிள் ஒட்டிய டப்பாவிலேயே மருந்து இருக்க வேண்டும். வசதிக்காக மாத்திரையை வேறு டப்பிக்கு மாற்றிப் பையில் போட்டுக்கொள்வது சட்டப்படி தவறு. பக்கத்து நியூஜெர்சியில் 21 வயதானவர் எவரும் வாங்கலாம். ஆனால் வாங்கியதோடு பாலம் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் வந்தால் மத்தியச் சட்டப்படி குற்றம்.

வண்டி ஓட்டுவோருக்கு இன்னும் சிக்கல். கஞ்சாவின் போதைப்பொருளோ அதன் எச்சமோ இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் இருந்தாலே வழக்கு. அட்டை இருந்தாலும் விலக்கில்லை. போதை தெளிந்து பல நாள் கழித்தும் அதன் எச்சம் இரத்தத்தில் தெரியும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் குடும்பங்கள்தான். குடிவரவுச் சட்டம் மாநில அட்டையைக் கணக்கில் எடுப்பதில்லை. தண்டனையே இல்லாவிட்டாலும், 'பயன்படுத்தினேன்' என்று அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதே நுழைவு மறுக்கப்படக் காரணமாகலாம். குடியுரிமை மனுவில் நன்னடத்தைக்கு அது குறுக்கே நிற்கும் என்று 2019-ல் குடிவரவுத் துறை வெளிப்படையாகவே வழிகாட்டுதல் வெளியிட்டது. 30 கிராமுக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததாக ஒரே ஒரு தண்டனை என்றால் நாடுகடத்தலிலிருந்து விலக்குண்டு. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பி நுழையும்போது அந்த விலக்கு பொருந்தாது. கேள்விக்குப் பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

நோயின் வேதனை உண்மையானது. அட்டை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விண்ணப்பத்தைத் தொடும் முன்பே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மருந்து ஒரு துளிகூட சென்னைக்கு வரும் பெட்டியில் இருக்க வேண்டாம். இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின் முன் அமெரிக்க அட்டை செல்லாது.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க் வாசகர்கள்